சொந்தச் சிறகும் இரவல் மூச்சும்

1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் படை கண்டி மாநகருள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. அன்று கொள்ளை போன பொருள்களுள் ஒரு சிறு பீரங்கியும் இருந்தது. லெவ்கே திசாவை என்னும் பிரதானி 1745ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விஜய ராஜசிங்க மன்னனுக்குக் காணிக்கையாக அளித்த பீரங்கி அது. நாயக்கர் வழியில் கண்டிச் சிம்மாசனம் ஏறிய முதல் மன்னன் அவன். வெண்கல உடலில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்துக் கண்டிக் கம்மியர் அதனை அணி செய்திருந்தனர். இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக ஒல்லாந்து தேசத்தில் காட்சிப் பொருளாய்க் கிடந்த அப்பீரங்கி, இரண்டு துப்பாக்கிகள் உள்ளிட்ட வேறு ஐந்து பொருள்களோடு 2023 டிசெம்பரில் இலங்கைக்குத் திரும்பி வந்தது. இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆசிரியத் தொழில் புரியும் சிலரும், பேராதனையிற் படிக்கும் மாணவர் சிலருமாக மாதம் ஒரு முறை கூடிப் படிப்பதும் விவாதிப்பதும் எமது வழக்கம். பீரங்கி வந்து சேர்ந்த செய்தியைப் பற்றி ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தபொழுது, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பொறியியல் கற்க வந்த மாணவன் ஒருவன், "சேர், துவக்குச் செய்யத் தெரிந்த ஊர்தானே இது? பிறகு ஏன் நாங்கள் ஒரு விமானம்கூடச் செய்யவில்லை?" என்று கேட்டான். சிலர் சிரித்தனர். ஆனால் கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை. அடுத்த இரண்டு கூட்டங்களும் அதிலேயே கழிந்தன. அப்பொழுது நாம் படித்தவற்றையும் எமக்குள் எழுந்த வாதங்களையும் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறோம்.

முதலில் எமது ஊரைப் பற்றிச் சிறிது. கண்டி இராச்சியம் துப்பாக்கியை அந்நியரிடமிருந்தே கண்டறிந்தது. கண்டறிந்த பின் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. மலைநாட்டுக் கொல்லர் அதைத் தம் கையாலேயே செய்யக் கற்றனர். சிங்களர் செய்த துப்பாக்கிகளின் தரத்தைப் போர்த்துக்கேயரே வியந்து எழுதி வைத்திருக்கின்றனர். அரண்மனையைச் சார்ந்து 'பட்டல் ஹதர' எனப்பட்ட நான்கு கம்மியர் குழுக்கள் இயங்கின. 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வை நடத்திய ஆனந்த குமாரசுவாமி, கண்டிப் பிரதேசத்து ஊர்களில் எஞ்சியிருந்த கம்மியரைத் தேடிச் சென்று கண்டவற்றை 1908இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அந்நூலில் அவர் தீட்டியது வாழும் கலை ஒன்றின் சித்திரம் மட்டுமன்று. அக்கலையின் மரணப் பத்திரமும் அதுவே.

மரணம் எவ்வாறு நேர்ந்தது? 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சி கொடுமையாக நசுக்கப்பட்டது. மன்னன் போனான், மன்னனுக்காக வேலை செய்த பட்டறையும் போயிற்று. பின்னர் கோப்பி வந்தது. 1867ஆம் ஆண்டு கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில்தான் ஹேவாஹெட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய இயந்திரங்கள் பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றைக் கழற்றிப் பூட்டவும், எண்ணெயிடவும், உடைந்ததை ஒட்டவும் எம்மவர் கற்றனர். செய்வதற்கு எவரும் கற்பிக்கவில்லை. குடியேற்ற நாட்டுக்குப் பழுதுபார்க்கும் கை வேண்டும், படைக்கும் கை வேண்டாம். இந்த வேறுபாட்டை வாசகர் மனத்திலிருத்திக்கொள்ள வேண்டுகிறோம்; இனிச் சொல்லப்போகும் கதை முழுவதும் இதனையே சுற்றி வருகிறது.

1944 ஏப்ரிலில் மௌண்ட்பேட்டன் தம்முடைய தென்கிழக்காசியத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு மாற்றினார். பர்மாப் போரின் கட்டளைகள் அங்கிருந்து பிறந்தன. அதே காலத்தில் பெங்களூரில் ஒரு தொழிற்சாலை நேச நாடுகளின் விமானங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தது. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசெம்பரில் நிறுவிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைதான் அது. இந்தியாவில் விமானம் கட்டவேண்டும் என்பது அவர் கனவு. போர் முற்றியதும் அரசு அதனைக் கையேற்றது. 1943இல் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் நிலையமாக அது மாறியது. பழுதுபார்ப்பதிலேயே அதன் கதையும் முடிந்திருக்கலாம். முடியாமற் போனதற்குக் காரணம் 1947.

சுதந்திரத்தின்பின் வி. எம். காட்கே என்னும் பொறியியலறிஞரின் தலைமையில் அத்தொழிற்சாலை ஒரு பயிற்சி விமானத்தை வரைந்து கட்டியது. எச்.டி.-2 என்ற அவ்விமானம் 1951இல் பறந்தது. சிறிய விமானம்தான், ஆனால் அதன் வரைபடம் பெங்களூரிலேயே பிறந்தது. அதனால் ஊக்கம் பெற்ற நேருவின் அரசு மிகப் பெரிய ஒன்றைக் கேட்டது. மிக உயரத்தில் வரும் பகைவிமானத்தை மறித்துத் தாக்கவும் வேண்டும். தரையை ஒட்டிப் பறந்து படைகளைத் தாக்கவும் வேண்டும். ஒலியைப் போல இரு மடங்கு வேகமும், 60,000 அடி உயரத்தை எட்டும் வலுவும் வேண்டும். இன்று பல்பணிப் போர்விமானம் என்று சொல்கிறோமே, அதைத்தான் கேட்டனர். அன்று அத்தகைய விமானத்தைத் தாமே வரைந்து கட்டக்கூடிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வேலையைச் செய்ய 1956இல் பெங்களூர் வந்தவர் கூர்ட் டாங் என்னும் ஜெர்மானியர். அவரோடு ஏறக்குறைய 18 பொறியியலாளரும் வந்தனர். டாங் யார்? ஹிட்லரின் விமானப்படைக்கு போக்கவுல்ப் 190 என்ற பேர்பெற்ற போர்விமானத்தை வரைந்தவர். அவர் பணியாற்றிய நிறுவனத்தின் ஆலைகளில் அடிமைகளைப் போல ஓட்டிவரப்பட்ட மக்கள் உழைத்தனர். போர் முடிந்ததும், பெத்ரோ மத்தியஸ் என்ற பொய்ப்பெயரில் ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்று, கொர்டோபா நகரின் விமான ஆலையில் பெரோனுக்காகப் புல்க்கி என்னும் ஜெற் விமானத்தைக் கட்டினார். 1955இல் பெரோன் வீழ்ந்தபின்னரே இந்தியா அவரை அழைத்தது. பாசிசத்துக்கு உழைத்த கையைப் பாசிச எதிர்ப்பாளரான நேரு பற்றியது சரியா என்று எமது கூட்டத்தில் கடும் வாதம் எழுந்தது. வெற்றி பெற்ற வல்லரசுகள் எல்லாமே ஜெர்மானிய அறிஞர்களைப் பங்கிட்டுக்கொண்டு போயின, ஏழை நாடு மட்டும் விரதம் இருக்க வேண்டுமா என்றனர் சிலர். எமக்கு அவ்விடை முழு ஆறுதல் தரவில்லை. எனினும் டாங்கின் வருகையால் இந்திய இளைஞர் பலர் வரைமேசையில் கைபழகினர் என்பதை மறுக்க இயலாது.

அக்காலத்தில் சென்னைக்கருகே குரோம்பேட்டையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. சி. இராஜம் என்பவர் தம் மாளிகையை விற்று 1949இல் நிறுவியது அது. இராமேசுவரத்துப் படகோட்டியின் மகனான அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் கற்று, பெங்களூர்த் தொழிற்சாலையிற் பயிற்சி பெற்றார். பின்னாளில் அவர் அடைந்த பதவிகள் யாவரும் அறிந்தவை. எமது கவனத்தை ஈர்ப்பது வேறொன்று: இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் மிகக் குறுகியது. அக்கரையில் ஒரு படகோட்டியின் மகனுக்குத் திறந்த கதவு, இக்கரையில் எமது தோட்டங்களிற் பிறந்த பிள்ளைகளுக்கு அன்று திறந்திருக்கவில்லை. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தவர்கள் அவர்கள்.

பெங்களூருக்குத் திரும்புவோம். சோதனைச் சாதனங்கள் போதாத நிலையில் டாங்கின் குழு ஓர் எளிய வழியைக் கண்டது. எஞ்சின் இல்லாத, முழு அளவிலான மர விமானம் ஒன்றைச் செய்தனர். 1959இல் டக்கோட்டா விமானம் ஒன்று அதனைக் கயிற்றிற் கட்டி மேலே இழுத்துச் சென்று விட்டது. மர உடல் காற்றிலே மிதந்து இறங்கியது. மறுபடி மறுபடி இவ்வாறு விட்டுப் பார்த்தே சிறகின் குணத்தை அறிந்துகொண்டனர். இந்நிகழ்ச்சியைப் படித்தபொழுது எமது மாணவர் முகங்கள் மலர்ந்ததை இங்கே குறிப்பிடத்தான் வேண்டும். 1961 யூன் 17ஆம் நாள் உண்மை விமானம் சுரஞ்சன் தாஸ் என்னும் விமானியின் கையில் முதன்முறையாகப் பறந்தது. காற்றுத் தேவர்களின் பெயரால் அதற்கு மாருத் என்று பெயரிட்டனர். ஐந்தே ஆண்டுகளில் இதனைச் செய்து முடித்தது சாதாரண காரியமன்று.

ஆனால் மாருத் தனக்கு உரிய எஞ்சின் இல்லாமலே பிறந்த விமானம். இக்கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

டாங் தம் விமானத்தை வரைந்தபொழுது, பிரித்தானியாவின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஓர்பியஸ் 12 என்னும் எஞ்சினை மனத்திற் கொண்டே வரைந்தார். வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து மேலும் உந்துவிசை பெறும் அமைப்புடைய அந்த எஞ்சின் 8,000 இறாத்தலுக்கு மேல் தள்ளுவிசை தரவேண்டியது. ஐரோப்பிய நாடுகள் அதில் அக்கறை இழந்தன. அதனை முடித்துத் தரவேண்டுமானால் உருவாக்கச் செலவை இந்தியா ஏற்கவேண்டும் என்றது பிரித்தானியத் தரப்பு. அந்நியச் செலாவணி நெருக்கடியில் மூழ்கியிருந்த இந்திய அரசு தயங்கியது; பின்னர் மறுத்தது. மிஞ்சியது, சிறிய நாட் விமானத்துக்காக ஏற்கெனவே உரிமம் பெற்றிருந்த ஓர்பியஸின் சாதாரண வகைதான். ஏறக்குறைய 4,850 இறாத்தல் விசையுடைய அவ்வெஞ்சின்கள் இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டனர். ஒலியின் இருமடங்கு வேகத்துக்கென வரையப்பட்ட உடல், ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

எஞ்சினில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இலக்கிய மாணவர்கள் கேட்டனர். சிறகையும் உடலையும் வரையக் கணக்கும் காற்றுச் சுரங்கமும் நல்ல தச்சரும் வேண்டும். ஜெற் எஞ்சினுக்கோ அவற்றோடு உலோகவியல் வேண்டும். எரியறையை விட்டு வரும் வாயுவின் சூடு, அதனால் சுழலும் தகடுகளின் உலோகத்தையே உருக்கிவிடக் கூடியது. அந்தச் சூட்டில், நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்றுகொண்டு, நூற்றுக்கணக்கான மணித்தியாலம் அத்தகடு உருக்குலையாமல் நிற்க வேண்டும். அதற்கான கலவையும் வார்ப்புப் பக்குவமும் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவற்றை அறிந்த நிறுவனங்கள் உலகில் மிகச் சில. எஞ்சினை விற்பார்கள், உரிமம் தந்து பூட்டவும் விடுவார்கள், பக்குவத்தை மட்டும் விற்கமாட்டார்கள். பழைய புகையிரத இயந்திரத்தின் கதைதான் இதுவும். பூட்டக் கற்பிப்பர், வார்க்கக் கற்பிப்பதில்லை.

இந்தியா கதவு கதவாகத் தட்டிப் பார்த்தது. சோவியத்து எஞ்சின் ஒன்றை ஆராய்ந்தது. மாருத்துக்கு அது ஒத்துவரவில்லை. பின்பு எகிப்தை நாடியது. இவ்வத்தியாயம் இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. நாசரின் எகிப்து கெய்ரோவுக்கு அருகே ஹெல்வானில் எச்.ஏ.-300 என்ற தன் சொந்தப் போர்விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அதை முதலில் வரைந்தவர் மெஸ்ஸர்ஸ்மிட் என்னும் மற்றொரு ஜெர்மானியர். அதற்கான ஈ-300 எஞ்சினை உருவாக்கியவர் பிராண்ட்னர் என்னும் ஆஸ்திரியர். எகிப்திடம் எஞ்சின் வளர்ந்து வந்தது. இந்தியாவிடம் விமானம் இருந்தது. பாண்டுங் மாநாட்டில் தோள்சேர்ந்த இரு நாடுகள் பட்டறையிலும் தோள்சேர்ந்தன. 1964 மார்ச்சில் எகிப்தின் விமானத்தை முதன்முறையாக வானில் ஏற்றியவர் கபில் பார்கவா என்னும் இந்திய விமானி. பின்னர் மாருத் விமானம் ஒன்று ஹெல்வானுக்கு அனுப்பப்பட்டு, அதன் இரு எஞ்சின்களில் ஒன்றை எடுத்துவிட்டு ஈ-300 பொருத்தி 1967 முதல் பறக்கவிடப்பட்டது.

இரண்டு ஏழை நாடுகள், வல்லரசுகளின் வாசலில் நிற்காமல், தம்முள் ஒன்றின் குறையை மற்றது நிரப்ப முயன்ற அந்த முயற்சியை நாம் மிகுந்த மதிப்போடு நினைக்கிறோம். 1967 யூன் மாதத்துப் போரில் எகிப்து அடிபட்டது. பணம் வற்றியது. 1969இல் எகிப்து தன் திட்டத்தைக் கைவிட்டது. இந்தியக் குழுவினர் ஊர் திரும்பினர்.

எல்லாப் பழியையும் அந்நியர்மீது போட்டுவிட நாம் விரும்பவில்லை. இடதுசாரி எழுத்தாளர் சிலர் மாருத்தின் கதையை ஏகாதிபத்தியச் சதி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவர். உண்மை அவ்வளவு எளியதன்று. ஓர்பியஸ் 12இன் செலவை ஏற்பதில்லை என்ற முடிவு தில்லியில் எடுக்கப்பட்டது. எஞ்சின் கைக்கு வருமுன் உடலை வரைந்தது துணிச்சலான சூதாட்டம். 1962இல் சோவியத்து மிக்-21 விமானத்தைக் கட்டும் உரிமத்தை இந்தியா பெற்றது. அதே ஆண்டு சீனத்தோடு நேர்ந்த எல்லைப்போருக்குப்பின் அவசரமும் அச்சமும் ஆட்சியைப் பிடித்தன. மாருத்தின் காவலராக விளங்கிய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகினார். மிக்-21 சோசலிச நாட்டின் மனமுவந்த உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் மாருத்துக்கென ஒதுக்கப்பட்ட உயர்வான வேலையை அதுவே எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நண்பன் தரும் ஊன்றுகோலும் காலின் வலிமையைக் குறைக்கலாம். இதை எமது கூட்டத்தின் மூத்த தோழர் ஒருவர் ஏற்கவில்லை. அவருடைய மறுப்பையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இருந்தும் மாருத் வீணாகிவிடவில்லை. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1967இல் முதற் படைப்பிரிவு அதனைப் பெற்றது. 1971 டிசெம்பர்ப் போரில் இராசஸ்தானப் பாலைவனத்தின்மேல் தரைத்தாக்குதலில் அது ஈடுபட்டது. வான்சண்டையில் ஒரு மாருத்தேனும் வீழ்த்தப்படவில்லை. அதற்கு முன்பே ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருந்தது. எகிப்தின் கதவு மூடியபின், இருக்கும் ஓர்பியஸுக்கே மறு எரியூட்டும் அமைப்பைப் பெங்களூரிலேயே செய்து பொருத்திப் பார்த்தனர். 1970 சனவரி 10ஆம் நாள் அவ்விமானத்தைச் சோதிக்க ஏறிய சுரஞ்சன் தாஸ் விபத்தில் மாண்டார். மாருத்தின் முதற் பறப்பை நிகழ்த்தியவர் அவர்தான். பெங்களூரில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1967இலேயே டாங் விலகிவிட்டார். 1977இல் உற்பத்தி நின்றது. 1990 அளவில் கடைசி மாருத்தும் ஓய்வுபெற்றது. அவற்றுள் ஒன்றை ஜெர்மானியர் கேட்டு வாங்கி, மியூனிச்சுக்கு அருகே ஒரு காட்சிசாலையில் வைத்திருக்கின்றனர்.

மாருத்தை ஓர் இடையீடு என்று கருதினால், அடுத்தது எங்கே தொடங்கியது? 1983இல் இந்தியா மறுபடி ஓர் இலகு போர்விமானத் திட்டத்தை வகுத்தது. இடைப்பட்ட காலத்தில் மாருத்தை வரைந்த தலைமுறை கலைந்து போயிற்று. ஒரு பட்டறையில் கைத்திறம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது போலத்தான் பொறியியலும். இடையில் ஒரு தலைமுறை வேலையின்றி இருந்தால் சங்கிலி அறும். கண்டிக் கம்மியருக்கு 1815இன் பின் நேர்ந்ததும் இதுவே. புதிய விமானத்துக்கென 1989இல் காவேரி என்னும் சொந்த எஞ்சின் திட்டமும் தொடங்கியது. 1998இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும், அமெரிக்காவில் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பொறியியலாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அவர்கள் ஊர் திரும்பித் தாமே அவ்வேலையை முடித்தனர். 2001 சனவரி 4ஆம் நாள் அவ்விமானம் பறந்தது. பின்பு தேஜஸ் என்று பெயர் பெற்றது. 2016இல் முதற் படைப்பிரிவு அமைந்து, பின்னர் கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள சூலூருக்கு வந்தது. ஆனால் 2001இல் பறந்தபொழுது அதன் வயிற்றில் இருந்தது அமெரிக்க எஞ்சின். 2008இல் காவேரி எஞ்சினுக்கும் தேஜஸுக்கும் இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. 2021இல் மேலும் 83 விமானங்களுக்கு ஆணையிட்டபின், அமெரிக்க நிறுவனத்திடமிருந்து எஞ்சின் வரத் தாமதமானதால் கட்டிய உடல்கள் காத்துக் கிடந்தன. அறுபது ஆண்டு கழிந்தும் அதே முடிச்சு!

இனி எமது நாட்டைப் பார்ப்போம். இலங்கை போர்விமானம் செய்யவில்லை; வாங்கியது. 1951இல் விமானப்படை அமைந்தது. பிரித்தானிய ஜெற் புரோவோஸ்ட் விமானங்கள் 1959 அளவில் வந்தன. அந்நிய எதிரியைக் கண்டு அவை எழுந்ததில்லை. 1971 ஏப்ரிலில் இந்நாட்டின் இளைஞர் கிளர்ந்தபொழுது, கிடப்பிலிருந்த அவ்விமானங்களைத் தட்டியெடுத்து அவர்கள் மேலேயே ஏவினர். சோவியத்து மிக்-17 விமானங்களும் அந்த ஆண்டிலேயே வந்தன. பின்னர் சீன விமானம், 1996இல் இஸ்ரேலிய கிபிர், 2000இல் மிக்-27 எனப் பட்டியல் நீண்டது. கிபிர் என்ற சொல் வடபுலத்துக் குழந்தைகளின் வாயில் அச்சத்தின் பெயராகவே புகுந்தது.

தொண்ணூறுகளில் வாங்கிய விமானங்களுள் ஆர்ஜென்ரீனாவின் புக்காராவும் ஒன்று. அது கட்டப்பட்ட இடம் கொர்டோபா. டாங் புல்க்கியைக் கட்டிய அதே ஆலை. இதனைக் கண்டறிந்த அன்று எமது கூட்டத்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. அந்த ஆண்டுகளில்தான், 1995 யூலை 9ஆம் நாள், நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எமது ஆசிரியர் ஒருவர் அக்காலத்தில் வலிகாமத்தில் இருந்தவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "விமானம் எந்த நாட்டில் செய்தது என்று கீழே நிற்பவன் கேட்பதில்லை."

அந்நாட்டு விமானமாயினும் சொந்த விமானமாயினும் இது பொருந்தும். 1966 மார்ச்சில் இந்திய விமானப்படை மிசோ மலையின் அய்சோல் நகர்மீது, தன் சொந்தக் குடிமக்கள்மீது, தாக்குதல் நடத்தியதை நாம் மறக்கவில்லை. ஆகவே மாருத்தைப் பாராட்டும்பொழுது படைக்கருவியைப் பாராட்டுவதாக வாசகர் கருதவேண்டாம். மர விமானத்தைக் கயிற்றிற் கட்டி இழுத்த அந்த அறிவையும், ஹெல்வானில் கைகோத்த அந்தத் துணிவையும் பாராட்டுகிறோம். அதே அறிவு நீர்விசைச் சுழலியிலும், தேயிலை உலர்த்தும் பொறியிலும், வைத்தியசாலைக் கருவியிலும் வேலை செய்யக்கூடியது. போர்விமானத்துக்குத்தான் கருவூலம் திறக்கிறது என்பது அரசுகளின் குணமேயன்றி அறிவின் குணமன்று.

விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வியும் உண்டு. வாங்கிய ஒவ்வொரு விமானத்துக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். இந்நாட்டுக்கு அதனை ஈட்டித்தந்தவற்றுள் நெடுங்காலம் முதலிடம் தேயிலைக்கே. கொழுந்து கிள்ளிய விரல்களுக்குச் சொந்தக்காரரை என்ன செய்தோம்? மாருத் விமானங்கள் முதன்முதலாக இந்திய விமானப்படையிடம் கையளிக்கப்பட்ட 1964ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரின் சம்மதம் கேட்கப்படவில்லை. கண்டியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறிய குடும்பங்களுள் எங்கள் மாணவனின் பாட்டனாருடைய தமையன் குடும்பமும் ஒன்று. இன்று கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கின்றார்களாம். சூலூர் விமானங்களின் ஓசை அவர்களுக்குக் கேட்கக்கூடும்.

அந்த 1964இலேயே எமது பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவின் அயராத உழைப்பு அதற்குப் பின்னால் நின்றது. மாவலி ஆற்றங்கரையில் எழுந்த அப்பீடம் அறிவுக்குறையால் தளர்ந்ததில்லை. மண்ணின் நெகிழ்வைப் பற்றி கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட ஆய்வால் உலகறிந்த அழகையா துரைராஜா இங்கே பீடாதிபதியாக இருந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபொழுது 1994இல் மறைந்தார். அணைகளும் பாலங்களும் இப்பீடத்து மாணவரின் கைவண்ணத்தைக் காட்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பட்டம் பெறுவோரில் எத்தனை பேர் விமானம் ஏறிப் போய்விடுகின்றனர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். இங்கே அவர்களுக்குப் பழுதுபார்க்கும் வேலை உண்டு. படைக்கும் வேலை அரிது.

கில் ஜூலெவ் என்னும் ஆய்வாளர், சமனலவெவவுக்கு அருகே மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளைத் தோண்டிக் கண்டு, 1996இல் உலகுக்கு அறிவித்தார். பருவக்காற்று நேரே வந்து மோதும் முகட்டில் உலையை வைத்து, துருத்தியின்றிக் காற்றின் வலுவாலேயே எரியூட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எம்மவர் உயர்ந்த உருக்கைப் பெற்றிருக்கின்றனர். மேனாட்டார் நம்பத் தயங்கியதால், அதே இடத்தில் அதேபோல் ஓர் உலையைக் கட்டி எரித்தும் காட்டினார் அவர். இதனைக் கேட்ட எமது மாணவன், அந்த உலையில் எவ்வளவு சூடு ஏறியது என்று கேட்டான். எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்கட்டுரையைத் தேடி எடுத்து, கணக்குப் போட்டு, அடுத்த கூட்டத்தில் தானே விளக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அதன்பின் வரும் விடுமுறையில் எல்லோருமாகக் காலைப் புகையிரதத்திற் கொழும்புக்குச் சென்று, லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பார்த்து வருவதாக ஏற்பாடு.